கொடிவேலி வேரும் வெட்பாலை எண்ணெயும்

முதல் திட்டு காதுக்குப் பின்னால்தான் வந்தது. பொடுகு என்று நினைத்துச் சீயக்காயை மாற்றிப் பார்த்தேன், எலுமிச்சம்பழம் தேய்த்தேன். போகவில்லை. பிறகு முழங்கையிலும் முழங்காலிலும் நாணயம் அளவுக்குச் சிவப்பாகத் தடித்து, மேலே வெள்ளை வெள்ளையாகச் செதில் உதிர ஆரம்பித்தது. காலையில் பாயை உதறினால் மாவு சிந்தியதுபோல் இருக்கும். என் மகள் நித்யா பார்ப்பதற்கு முன்பே பெருக்கி வாரிவிடுவேன்.

நான் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் பிஸ்கட் கம்பெனி ஒன்றில் பாக்கெட் போடும் பிரிவில் வேலை பார்த்தேன். என் வீட்டுக்காரர் கோபி, அத்திப்பட்டுப் பக்கம் அனல்மின் நிலையத்தில் காண்ட்ராக்டில் ஃபிட்டர். இரண்டு பேர் சம்பளத்தில் குறையில்லாமல் ஓடிக்கொண்டிருந்த குடும்பம். என் தோல்தான் அதைக் குலைத்தது.

தின்பண்டம் செய்யும் இடத்தில் தோல் உதிரும் கையோடு நிற்க முடியாது. ஒருநாள் நகர்ந்து போகும் பெல்ட்டின் ஓரத்தில் என் முழங்கையிலிருந்து உதிர்ந்த செதில் கிடந்ததை சூபர்வைசர் பெண் பார்த்துவிட்டாள். என்னை விடச் சின்னவள், நல்லவள். எல்லோர் முன்னாலும் எதுவும் பேசாமல், தண்ணீர்க் குழாய்ப் பக்கம் கூட்டிப்போய், தப்பாக நினைக்க வேண்டாம் என்று தொடங்கி, ஒட்டாத நோய் என்று டாக்டரிடம் எழுதி வாங்கி வரும்வரை லீவு போடச் சொன்னாள். அவள் நாசூக்காகத்தான் சொன்னாள். ஆனால் அன்று சாயங்காலம் கம்பெனி பஸ்ஸில் என் பக்கத்து சீட்டு காலியாகவே வந்தது. வழியெல்லாம் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

தோல் டாக்டர் ஒருவரிடம் போனோம். பார்த்தவுடனே சோரியாசிஸ் என்றார். இது முழுசாகப் போகாது, கட்டுக்குள் வைக்கலாம் என்றார். முழுசாகப் போகாது என்று காதில் விழுந்த பிறகு அவர் சொன்ன வேறு எதையும் நான் கேட்கவில்லை. இது ஒட்டாது என்றும் அன்றைக்கு அவர் சொல்லியிருப்பார், அதை எழுதி வாங்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. களிம்பு எழுதிக் கொடுத்தார். அதைப் பாதி ட்யூப் போட்டுவிட்டு நிறுத்தினேன்.

அதன் பிறகு கோபிதான் ஒரு வழி கண்டுபிடித்தார். வேலைக்குப் போகும் வழியில் ஒரு மருந்துக் கடையில் என் அரிப்பைப் பற்றிச் சொல்லி மாத்திரை வாங்கி வந்தார். அதிசயமாகக் கேட்டது. சில நாளிலேயே செதில் நின்றது, திட்டு வெளுத்தது. நிறுத்தினால் முன்னைவிடப் பெரிதாக வந்தது. மறுபடி வாங்கினார். இப்படியே மாதங்கள் போயின. என் முகம் உருண்டையாக உப்பிவிட்டது. தெருவில் இருந்தவர்கள் நான் பூசினாற்போல் இருப்பதாகச் சொன்னார்கள். எனக்கும் கொஞ்சம் சந்தோஷமாகத்தான் இருந்தது. அந்த மாத்திரை என்னவென்று நாங்கள் இருவருமே கேட்டதில்லை.

ஊத்துக்கோட்டைக்குப் பக்கத்துக் கிராமத்தில் கோபியின் அக்கா தேவகி இருக்கிறார். நான் அவரை அண்ணி என்று கூப்பிடுவேன். நெல் பயிரிடும் குடும்பம். மாமியார் போன பிறகு என் பிரசவத்தைப் பார்த்ததும் அவர்தான், நித்யாவுக்கு முதல் சோறு ஊட்டியதும் அவர்தான். என் விஷயம் தெரிந்ததும் பஸ் ஏறி வந்துவிட்டார். என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகம் சுளிக்கவில்லை, தள்ளி உட்காரவில்லை. இங்கிலீஷ் மருந்து அமுக்கித்தான் வைக்கும், பச்சிலைதான் வேரோடு எடுக்கும் என்றார். அவர் ஊரில் ஒரு பெண்ணுக்குத் தொடையில் இருந்த படை அப்படித்தான் போனதாம். எப்படியும் எனக்கு வேலையில்லை. பள்ளிக்கூடம் இருந்ததால் நித்யாவை அவள் அப்பாவிடம் விட்டுவிட்டு நான் அண்ணியோடு கிளம்பினேன்.

முதல் நாட்கள் நன்றாக இருந்தன என்பதை மறைக்க மாட்டேன். வேப்பிலை போட்டுக் காய்ச்சிய தண்ணீரை ஆறவைத்துக் குளிப்பாட்டிவிடுவார். குப்பைமேனி இலையை மஞ்சளோடு மைய அரைத்துத் திட்டுகளில் பூசுவார். சோற்றுக்கற்றாழையைக் கீறி உள்ளே இருக்கும் சோற்றை வழித்துத் தடவினால் அரிப்பு அடங்கிக் குளுகுளுவென்று இருக்கும். கருவாடு, கத்திரிக்காய் கூடாது என்று தனக்கும் சேர்த்துப் பத்தியச் சமையல் செய்தார். பச்சிலை வேலை செய்யவேண்டுமென்றால் வேறு மருந்து கலக்கக் கூடாது என்றார். கொண்டுபோயிருந்த மாத்திரையை அன்றோடு விட்டேன்.

செதில் குறையவில்லை. அண்ணிக்குப் பொறுக்கவில்லை. சந்தையில் கோணியை விரித்து வேரும் பட்டையும் விற்கிற ஒருவரிடம் என் நிலைமையைச் சொல்லி, ஒரு வேரை வாங்கி வந்தார். அதை மோர் விட்டு அரைத்து, கையிலும் காலிலும் முதுகிலும் இருந்த திட்டுகளில் போட்டார்.

போட்ட கொஞ்ச நேரத்துக்கெல்லாம் தீ வைத்ததுபோல் எரிந்தது. எரிந்தால் வேலை செய்கிறது என்று அர்த்தம் என அந்த ஆள் சொல்லியனுப்பியிருந்தாராம். அண்ணி விசிறிக்கொண்டே என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். தாங்க முடியாமல் கழுவச் சொன்னபோது உடனே கழுவிவிட்டார். ஆனால் அதற்குள் கொப்புளம் கட்டிவிட்டது. மறுநாள் கொப்புளம் உடைந்த இடமெல்லாம் கறுத்தது. அதற்கடுத்த நாட்களில் சிவப்பு திட்டைத் தாண்டி ஓட ஆரம்பித்தது. தோளிலிருந்து மார்பு, மார்பிலிருந்து வயிறு, தொடை, கடைசியில் முகம். திட்டுக்கும் நல்ல தோலுக்கும் இடையில் இருந்த எல்லையே அழிந்துவிட்டது. உச்சி வெயிலில் எனக்குக் குளிரில் பல் கிட்டியது. அண்ணி வீட்டிலிருந்த கம்பளியையெல்லாம் மேலே போட்டார். என் பாதங்கள் வீங்கியிருப்பதைப் பார்த்ததும் எழுந்து ஓடி ஷேர் ஆட்டோ பிடித்து வந்தார்.

ஊத்துக்கோட்டை ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்த டாக்டர் நேரத்தை வீணாக்கவில்லை. பிரஷர் இறங்கியிருக்கிறது என்று சலைன் ஏற்றி, ஆம்புலன்ஸ் வரவழைத்து, திருவள்ளூர் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். வண்டியில் படுத்துக்கொண்டே பார்த்தேன். அண்ணி என் செருப்பை மடியில் வைத்துப் பிடித்திருந்தார். தன் செருப்பை ஆட்டோவிலேயே விட்டிருந்தார்.

திருவள்ளூரில் என்னைப் பார்த்த தோல் டாக்டர் என் வயதுப் பெண்மணி. எனக்கு வந்திருப்பதற்கு எரித்ரோடெர்மா என்று பெயர் சொன்னார். உடம்புத் தோல் ஏறக்குறைய முழுவதும் ஒரேயடியாகச் சிவந்து வேலையை நிறுத்திக்கொள்வது. அவர் எனக்குப் புரியவைத்த விதம் இன்னும் நினைவிருக்கிறது. கிட்னி வேலை செய்யாமல் போகிறது, இருதயம் வேலை செய்யாமல் போகிறது என்று கேள்விப்படுகிறோம் இல்லையா, அதுபோலத் தோலும் ஓர் உறுப்பு, இப்போது அது வேலை செய்யவில்லை என்றார். தோல்தான் உடம்புச் சூட்டைப் பிடித்து வைக்கிறது. அது கெட்டதால்தான் வெயிலிலும் எனக்குக் குளிர்கிறது. உடம்பின் தண்ணீரும் சத்தும் அதன் வழியாகக் கசிகிறது, கிருமி உள்ளே வர வழி திறந்துவிட்டது, இருதயத்துக்கும் பாரம் ஏறுகிறது. எல்லாவற்றையும் பதற்றமில்லாமல் சொல்லிவிட்டு, என்னென்ன மருந்து போட்டீர்கள் என்று கேட்டார்.

அண்ணி வேப்பிலை என்றார், குப்பைமேனி என்றார், மஞ்சள், கற்றாழை என்றார். அதோடு நிறுத்திக்கொண்டார். இதற்கெல்லாம் இப்படிக் கொப்புளம் வராதே என்று டாக்டர் மறுபடி கேட்டார். எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. ஒரு வேர் என்று மட்டும் சொன்னேன். என்ன வேர் என்று அவர் அண்ணியைத் திரும்பிப் பார்த்தார். அண்ணி சுவரைப் பார்த்தபடி, தெரியாது என்றார்.

கோபி ஷிஃப்டிலிருந்து கரி படிந்த சட்டையோடு அப்படியே வந்தார். கட்டிலில் இருந்தது நான்தான் என்று கண்டுபிடிக்க அவருக்குக் கொஞ்ச நேரம் ஆனது. பிறகு அண்ணியை வராந்தாவுக்குக் கூட்டிப்போனார். கதவு திறந்துதான் இருந்தது. அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடத் தேவலாம்.

"உன்ன நம்பித்தானேக்கா அனுப்பிச்சேன். ஊட்டுக்குப் போ. இனிமே எங்க வாசப்படி ஏறாத."

அண்ணி என் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு வெறுங்காலோடு போய்விட்டார்.

பெண்கள் வார்டில் ஆண்கள் ரொம்ப நேரம் இருக்கக் கூடாது. நித்யாவைப் பக்கத்து வீட்டில் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு கோபி வெளியே படிக்கட்டில் காத்துக்கிடந்தார். எனக்குத் தண்ணீர் கொடுக்கக்கூட ஆளில்லை. பக்கத்துக் கட்டிலில் பழவேற்காட்டு மீனவக் குடும்பத்துப் பெண் ஒருவர், தனலட்சுமி, காலில் ஆறாத புண்ணோடு படுத்திருந்தார். அவர்தான் நொண்டிக்கொண்டே வந்து தம்ளரை என் வாயில் வைத்தார். உங்களுக்கு என்னைப் பார்த்துப் பயமில்லையா என்று கேட்டேன்.

"செதில் பாக்காத நாளே கெடையாது எங்க ஊட்ல. இதுக்கு இன்னாத்துக்குப் பயப்படணும்? குடி."

உதடு வெடித்திருந்ததால் சிரிக்க முடியவில்லை. ஆனால் பல நாளுக்குப் பிறகு எனக்குச் சிரிப்பு வந்தது.

அன்று இரவை எப்படிக் கடந்தேன் என்று சொல்லத் தெரியவில்லை. பிரஷர் ஏறவில்லை. நர்ஸ் வந்து வந்து கையில் பட்டையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, முகத்தில் எதையும் காட்டிக்கொள்ளாமல் போவார். நித்யாவுக்கு இன்னும் தலை பின்னிக்கொள்ளத் தெரியாது. அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். சாவைப் பற்றி யோசிக்கத் தைரியமில்லாமல் பின்னலைப் பற்றி யோசித்தேன்.

மறுநாள் டாக்டர் வார்டைச் சுற்றி வந்துகொண்டிருந்தபோது அண்ணி வந்து வாசலில் நின்றார். கையில் ஒரு துணிப்பை. வெளியே இருந்த கோபி எழுந்து வந்து மறித்தார். அண்ணி அவரை விலக்கிக்கொண்டு நேராக டாக்டரிடம் போனார். பையிலிருந்து வேரும் இலையும் வெள்ளைப் பூவுமாக ஒரு முழுச் செடியை எடுத்துக் கட்டில் ஓரத்தில் வைத்தார்.

"இதத்தான் அரைச்சிப் போட்டேன் டாக்டரம்மா. நேத்து கேட்டப்ப சொல்லல, பயந்துட்டேன். வேர் வித்த ஆளப் புடிச்சி, செடி எங்க கீதுன்னு கேட்டு, தோண்டியாந்தேன். இவளக் காப்பாத்திக் குடுங்க."

டாக்டர் திட்டுவார் என்று நினைத்தேன். அவர் திட்டவில்லை. கொண்டு வந்தது நல்லது என்றார். அதே வளாகத்தில் இருக்கும் சித்த மருத்துவப் பிரிவுக்கு ஆள் அனுப்பி, அங்கிருந்த டாக்டரை வரவழைத்தார். கண்ணாடி போட்ட ஒல்லியான மனிதர். செடியை எடுத்துப் பூவின் அடியில் விரலால் தொட்டுப் பார்த்தார். பிசுபிசுவென்று ஒட்டியது.

கொடிவேலி என்றார். சித்திரமூலம் என்றும் பெயராம். சித்த மருத்துவத்தில் இதற்கு இடம் உண்டு. ஆனால் முறைப்படி நச்சு நீக்கிச் சுத்தி செய்து, மற்ற சரக்குகளோடு சேர்த்து, அளவு பார்த்துத்தான் எடுப்பார்கள். பச்சை வேரை அரைத்துத் தோலில் வைத்தால் நெருப்பு பட்டதுபோல் கொப்புளம் கட்டும். படை இருக்கும் இடத்தை இப்படிச் சுட்டுவிடுகிற பழக்கம் சிலரிடம் உண்டு, அண்ணி சொன்ன ஊர்ப் பெண்ணுக்குப் போனதும் அப்படித்தான் இருக்கும், ஆனால் அது வேறு நோய், இது வேறு நோய் என்று பொறுமையாகச் சொன்னார்.

பிறகு தோல் டாக்டர் விளக்கினார். சாதாரணமாகத் தோல் அடியிலிருந்து மேலே புதிதாக வளர்ந்து வர ஒரு மாதம் போல ஆகும். சோரியாசிஸ் உள்ளவர்களுக்குச் சில நாளிலேயே வளர்ந்து குவிந்துவிடும், அதுதான் செதில். இவர்களுக்குத் தோலில் எங்கே காயம் பட்டாலும், தீ பட்டாலும், கீறினாலும் அந்த இடத்தில் புதுத் திட்டு கிளம்பும். வேர் பட்ட இடத்தில் நோய் கூடியதற்கு அது காரணம். ஆனால் வேரே படாத முகத்திலும் வயிற்றிலும் இவ்வளவு வேகமாக எப்படிப் பரவியது, பிரஷர் ஏன் இப்படி இறங்குகிறது, முகம் ஏன் உப்பியிருக்கிறது என்று தானே சொல்லிவிட்டு, எங்கள் எல்லோரையும் பார்த்துக் கேட்டார்.

"உள்ளுக்கு ஏதாவது மாத்திரை சாப்பிட்டு, திடீர்னு நிறுத்தினீங்களா?"

கோபி பர்ஸைத் திறந்து, மடித்து வைத்திருந்த காலி மாத்திரை அட்டையை எடுத்து நீட்டினார். அடுத்த முறை வாங்கும்போது கடையில் காட்டுவதற்காக வைத்திருந்தார். டாக்டர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார். ஸ்டீராய்டு என்றார். டாக்டர் பார்த்து, அளவாகக் கொடுத்தால் உயிர் காக்கிற மருந்து. நம் உடம்பே அதைப்போல ஒன்றைத் தனக்குச் சுரந்துகொள்கிறது. மாதக்கணக்காக வெளியிலிருந்து விழுங்கினால் சுரக்கும் இடம் தூங்கிப்போகும். அப்புறம் ஒரே நாளில் நிறுத்தினால் உள்ளே சுரப்பும் இல்லை, வெளியிலிருந்து வரவும் இல்லை. பிரஷர் விழும். அமுங்கிக் கிடந்த சோரியாசிஸ் அணை உடைந்ததுபோல் கிளம்பும். பாதிக்கு மேல் இதுதான் காரணம் என்றார். இது தெரியாமல் இன்னும் ஒருநாள் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை அவர் சொல்லவில்லை. நர்ஸிடம் உடனே ஓர் ஊசியை எடுத்துவரச் சொன்ன அவசரத்திலிருந்து புரிந்துகொண்டேன்.

கோபி கட்டிலின் இரும்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். அப்போது அண்ணி வாயைத் திறந்தார். நேற்று எதற்கெல்லாம் பேசவில்லையோ அதற்கெல்லாம் சேர்த்துப் பேசியதுபோல் இருந்தது.

"அவன் வேணும்னு வாங்கித் தரல டாக்டரம்மா. பொண்டாட்டி அரிப்புல துடிக்கிறத பாக்க முடியாம வாங்கித் தந்தான். நிறுத்தச் சொன்னது நான். அவன ஒண்ணும் சொல்லாதீங்க."

டாக்டர், யாரையும் குறை சொல்லவில்லை, என்ன நடந்தது என்று தனக்குத் தெரியவேண்டும், அவ்வளவுதான் என்றார்.

ஊசி போட்டு, சலைன் மாற்றி, எல்லோரும் அடுத்த கட்டிலுக்கு நகர்ந்த பிறகு கோபி வெளியே போனார். திரும்பி வரும்போது கையில் ஒரு இட்லிப் பொட்டலமும் ஒரு ஜோடி ரப்பர் செருப்பும் இருந்தன. செருப்பை அண்ணியின் காலடியில் வைத்தார்.

"நாஷ்டா துன்னியாக்கா?"

"இல்ல நைனா," என்றார் அண்ணி.

இரண்டு பேரும் வராந்தாவில் உட்கார்ந்து ஒரே இலையில் சாப்பிட்டார்கள். அவர்கள் முதுகு மட்டும் எனக்குத் தெரிந்தது. அதற்குப் பிறகு அந்த விஷயத்தை அவர்கள் பேசி நான் கேட்டதில்லை.

நிறுத்திய மருந்தையே ஒழுங்கான அளவில் திரும்பக் கொடுத்து, மெதுவாகக் குறைத்துக்கொண்டே வந்தார்கள். பிரஷர் ஏறியது. ஆனால் தோல் உடனே திரும்பவில்லை. அந்த நாட்கள் எல்லாம் ஒரே மாதிரி போயின. காலையில் உடம்பு முழுக்க வாசலினும் திரவப் பாரஃபினும் கலந்து தடவவேண்டும். தோல் இழந்த பூச்சை வெளியிலிருந்து போடுவதுதான் அது. விலையுயர்ந்த மருந்தே இல்லை, ஆனால் இதில்லாமல் மற்ற மருந்து நிற்காது என்று நர்ஸ் சொல்வார். அண்ணி கையுறை போட்டுக்கொண்டு தடவுவார். என் தோல் உள்ளங்கையில் பிய்ந்து, கையுறை கழற்றியதுபோல் விரலோடு உரிந்து வரும். அதைக் கண்ணில் காட்டாமல் முந்தானையை நடுவில் பிடித்துக்கொள்வார். சத்து கசிந்துவிட்டதால் முட்டையும் பருப்பும் நிறையச் சாப்பிடச் சொன்னார்கள். தனலட்சுமியின் மருமகள் மீன் குழம்பு கொண்டுவந்தால் எனக்கும் ஒரு துண்டு வரும். நான் அண்ணியைப் பார்ப்பேன். பத்தியம் சொன்ன அதே அண்ணி முள் எடுத்து ஊட்டுவார்.

குடித்த தண்ணீரையும் போன சிறுநீரையும் அளந்தார்கள். ரத்தம் எடுக்க நல்ல தோல் தேடுவதே நர்ஸுக்குப் பெரும்பாடு. முதுகில் மரத்துப்போக ஊசி போட்டு, மிளகு அளவுக்குத் தோலை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். சோரியாசிஸ்தான், வேறு பயப்படும்படி எதுவும் இல்லை என்று வந்தது. மெத்தோட்ரெக்சேட் என்ற மாத்திரை தொடங்குவதற்கு முன் ஈரல், கிட்னி, நெஞ்சு எக்ஸ்ரே எல்லாம் பார்த்தார்கள். தோல் வளரும் வேகத்தைக் குறைக்கிற மருந்து அது. வாரத்தில் ஒரே ஒருநாள்தான் சாப்பிடவேண்டும். தினமும் சாப்பிட்டுவிட்டால் உயிருக்கே ஆபத்து. டாக்டர் எனக்குச் சொல்லி, கோபிக்குச் சொல்லி, அண்ணியைத் திருப்பிச் சொல்ல வைத்துக் கேட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நித்யா வந்தாள். கட்டிலின் கால்மாட்டிலேயே நின்றாள். கிட்ட வா என்று கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. தொட்டால் வலிக்குமா என்று அப்பாவிடம் கேட்டாள். மெதுவாகத் தொட்டால் வலிக்காது என்று நானே சொன்னேன். போர்வைக்கு மேலாக என் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டு, கிளம்பும்வரை விடவே இல்லை. தலையைத் தானே பின்னியிருந்தாள். ஒரு பக்கம் கோணலாக இருந்தது.

எனக்குச் சரியாகிறது என்று நான் நம்பியது ஒரு மதியம். மின்விசிறி நின்றுபோனது. கொஞ்ச நேரத்தில் கழுத்தோரம் ஈரமாக ஏதோ ஊர்வதுபோல் இருந்தது. தொட்டுப் பார்த்தேன். வியர்வை. தோல் மூடிப்போயிருந்த அத்தனை நாளும் எனக்கு வியர்க்கவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அண்ணியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் விரலால் வழித்துப் பார்த்துவிட்டு, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். தனலட்சுமி, வேர்த்ததற்கு அழுகிற குடும்பத்தை இப்போதுதான் பார்க்கிறேன் என்றார்.

வீட்டுக்கு அனுப்புவதற்கு முன் அந்தச் சித்த டாக்டர் தானாகவே வார்டுக்கு வந்தார். முழங்கையிலும் முழங்காலிலும் தடித்த திட்டுகள் மிச்சம் இருந்தன. அதற்கு வெட்பாலைத் தைலம் தரலாமா என்று தோல் டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான் வந்திருந்தார். வெட்பாலை இலையைத் தேங்காய் எண்ணெயில் போட்டு வெயிலில் வைத்தால் எண்ணெய் கத்தரிப்பூ நிறத்துக்கு மாறும், அதுதான் தைலம். செதிலை இளக்கும், அரிப்பைத் தணிக்கும், நோயை வேரோடு எடுக்கும் என்று நான் சொல்லமாட்டேன் என்றார். முதலில் ஒரு முழங்கையில் மட்டும் போட்டுப் பார்க்க வேண்டும். எரிந்தால் கழுவிவிட்டு வரவேண்டும். வாரத்தில் ஒருநாள் சாப்பிடும் மாத்திரையை நிறுத்தக் கூடாது. உள்ளுக்கு எந்த லேகியமும் சூரணமும் கேட்காமல் சாப்பிடக் கூடாது, அந்த மாத்திரையோடு சேர்ந்தால் ஈரலைப் பாதிக்கலாம்.

அண்ணி தயங்கித் தயங்கி, வேப்பிலையும் கற்றாழையும் போட்டதுகூடத் தப்பா என்று கேட்டார். அவர் அண்ணியை நேராகப் பார்த்துச் சொன்ன பதில் இது.

"அது தப்பில்லம்மா. வெடிப்பு இல்லாத தோலுக்கு இதமாத்தான் இருக்கும். செடின்னா சாதுன்னு நெனச்சதுதான் தப்பு. மருந்துன்னா அதுக்கு அளவு இருக்கு, எந்த நோய்க்குன்னு இருக்கு. பேர் தெரியாத வேர வாங்காதீங்க."

அண்ணி தலையாட்டினார்.

வீட்டுக்கு வந்த பிறகு எனக்கு மறுபடி பிஸ்கட் பாக்கெட் போடும் வேலை கிடைக்கவில்லை. ஒட்டாத நோய் என்று டாக்டர் எழுதிக் கொடுத்ததைக் கொண்டுபோனேன். சூபர்வைசர் பெண் மேலே பேசி ஸ்டோரில் இடம் வாங்கித் தந்தாள். அட்டைப் பெட்டி, டேப், லேபிள் கணக்கு. பஸ்ஸில் பக்கத்து சீட்டில் இப்போது ஆள் உட்காருகிறார்கள். எல்லோரும் இல்லை.

நோய் போய்விடவில்லை. முழங்கைத் திட்டு இருக்கிறது. முன்போல் தடிப்பு இல்லை, செதில் குறைவு. மாத்திரையாலா, தைலத்தாலா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. தைலம் போட்ட கையில் தோல் சீக்கிரம் மிருதுவானது என்று மட்டும் என்னால் சொல்ல முடியும். சட்டைக் கையெல்லாம் ஊதாக் கறை. மாதம் ஒருமுறை ரத்தப் பரிசோதனைக்குத் திருவள்ளூர் போகிறேன்.

போன முறை போனபோது, புறநோயாளிகள் வரிசையில் அண்ணி நின்றுகொண்டிருந்தார். வருவதாக என்னிடம் சொல்லவே இல்லை. கூட அவர் ஊர்ப் பெண் ஒருத்தி, கல்யாணமாகிக் கொஞ்ச நாள்தான் இருக்கும். முக்காட்டை நெற்றிவரை இழுத்துவிட்டிருந்தாள். கழுத்தில் சிவப்புத் திட்டு தெரிந்தது. அண்ணியிடம்தான் இலை அரைத்துத் தரக் கேட்டு வந்தாளாம். அண்ணி அரைக்கவில்லை. முதலில் என்ன நோய் என்று தெரிந்துகொள்வோம் என்று முதல் பஸ்ஸிலேயே கூட்டி வந்துவிட்டார். அவள் மாமியார் அவள் சாப்பாட்டுத் தட்டைத் தனியாக வைத்துவிட்டாராம். பெஞ்சில் இடம் கிடைத்து உட்கார்ந்தபோதும் எங்களிடமிருந்து தள்ளி ஓரமாகவே உட்கார்ந்தாள்.

நான் என் கையைத் திருப்பி முழங்கையைக் காட்டினேன். அவள் வெகுநேரம் பார்த்தாள்.

"இது தொத்துமாக்கா?"

நான் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் அண்ணி நகர்ந்து போய் அவள் பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்தார். டிபன் டப்பாவைத் திறந்து, ஒரே தட்டில் இரண்டு பேருக்கும் போட்டுப் பிசைய ஆரம்பித்தார்.